புற்றுக்காளானும் பண்ணைக்கீரையும்: மழைக்குப் பிறகு காட்டில் பறித்துச் சாப்பிடலாமா?

கொரங்காடு:
ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்ததும் மூலனூர், வெள்ளகோவில் பக்கம் ரோட்டோரம் புற்றுக்காளானைக் கூறு வைத்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். கூடவே எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது: காளானை மஞ்சளும் பூண்டும் போட்டு வேக வையுங்கள், நிறம் மாறாவிட்டால் தைரியமாகச் சாப்பிடலாம் என்று. அதைப் பார்த்துப் பயந்த இன்னொருவர், காட்டில் தானாக முளைக்கும் எதையும் இனி வீட்டுக்குள் சேர்க்காதீர்கள், கீரையும் வேண்டாம் என்று பதில் போட்டிருக்கிறார். இரண்டுமே தவறு என்பது என் கட்சி.

பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டி, சுக்குட்டி, முடக்கத்தான், பிரண்டை. இதில் எதையும் நம் ஊரில் யாரும் விதைத்ததில்லை. களை வெட்டப் போகிற பெண்கள் சாயங்காலம் மடி நிறையக் கொண்டுவருவார்கள். கம்பஞ்சோற்றுக்கும் களிக்கும் அதுதான் தொட்டுக்கொள்ள. மழையை நம்பியே பிழைத்த ஊரில், காசு கொடுக்காமல் கிடைத்த சத்து அது. பயத்தால் அதை விட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்குச் செடியே அடையாளம் தெரியாமல் போய்விடும்.

பவானி செவிலி:
கீரை பற்றிப் பிறகு பேசலாம். காளானை முதலில் முடிப்போம், அதில் உயிர் இருக்கிறது.

மஞ்சள், பூண்டு, வெள்ளிக் காசு, அரிசி நிறம் மாறுவது, பூச்சி கடித்திருந்தால் நல்லது, ஆடு தின்றால் நல்லது. இவற்றில் ஒன்றுகூட உண்மையான சோதனை இல்லை. அமடாக்சின் என்ற நஞ்சு உள்ள காளான்கள் இருக்கின்றன. அந்த நஞ்சு வேக வைத்தாலும் காய வைத்தாலும் அழியாது. தின்ற உடனே எதுவும் தெரியாது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான், பல சமயம் பன்னிரண்டு மணி நேரமும் தாண்டித்தான், வாந்தியும் பேதியும் தொடங்கும். அப்புறம் ஒரு நாள் தெளிந்த மாதிரி இருக்கும். வீட்டில் எல்லோரும் 'சரியாகிவிட்டது' என்று நினைப்பார்கள். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அதனால் என் பதில் ஒன்றுதான்: காட்டுக் காளான் வேண்டவே வேண்டாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான், பால் காளான் வளர்க்கக் கற்றுத் தருகிறது. பால் காளான் நம் ஊர் வெயிலுக்கும் நன்றாக வரும். கடையில் கிடைப்பதை வாங்கிச் சமைக்க என்ன தடை?

கொரங்காடு:
அக்கா, வாட்ஸ்அப் சோதனை பொய் என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் புற்றுக்காளானையும் மற்றதையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். புற்றுக்காளான் கறையான் வளர்க்கிற பயிர். தின்று செரித்த காய்ந்த இலை, மரத்தூளைக் கொண்டு புற்றுக்குள் அடை கட்டி, அதில் பூசணத்தை வளர்த்து, அதையேதான் கறையான் தின்கிறது. நல்ல மழையில் அந்த அடையிலிருந்து காளான் மேலே கிளம்புகிறது. அதனால் அதன் தண்டு மண்ணுக்குள் வேர் மாதிரி நீண்டு, மெலிந்து மெலிந்து அடை வரைக்கும் போகும். குடை நடுவில் மண்ணைக் குத்திக்கொண்டு வந்த கூர்மையான முகடு இருக்கும். பரம்பரையாக எடுக்கிறவர்கள் இதைப் பார்க்காமல் எடுப்பதில்லை.

நொய்யல்கரை:
பரம்பரையாக எடுக்கிறவர் சரி. ரோட்டோரத்தில் கூறு வைத்த காளானில் அந்த வேர் எங்கே? பாதியில் ஒடித்துத்தானே வைத்திருக்கிறார்கள்? வாங்குகிறவன் எதைப் பார்த்து நம்புவது?

எங்கள் பக்கம் எருக்குழி ஓரத்திலும் புல்தரையிலும் மழைக்குப் பெரிய பெரிய வெள்ளைக் குடையாக ஒன்று முளைக்கும். மேலே பழுப்புச் செதில் இருக்கும். பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். குளோரோஃபில்லம் என்ற வகை அது. இளசாக இருக்கும்போது குடைக்கு அடியில் இருக்கிற மடல் வெள்ளைதான், முற்றினால்தான் பச்சை ஓடும். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தி புரட்டி எடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் செய்ய வேண்டிய வேலை மஞ்சள் போடுவது இல்லை. குடையை மட்டும் வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாள் மேல் கவிழ்த்து, ஒரு கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளில் வித்துத் தூள் படிந்திருக்கும். புற்றுக்காளானுக்கு அது இளஞ்சிவப்பு கலந்த நிறம். பச்சை படிந்தால் நான் சொன்ன அந்தக் காளான். அமடாக்சின் உள்ள அமானிட்டா வகைக்கு வெள்ளை படியும், அடித்தண்டில் கிழிந்த பை மாதிரி ஒரு உறையும் இருக்கும்.

பவானி செவிலி:
இதைப் படித்துவிட்டு யாராவது தாளில் இளஞ்சிவப்பு வந்தது, சாப்பிடலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. இளஞ்சிவப்பு வித்து உள்ள நஞ்சுக் காளானும் உண்டு. வேர், முகடு, வித்து நிறம், புற்றின் மேலேயே முளைத்தது, இந்த நான்கும் சேர்ந்திருந்தால் மட்டும்தான் பேச்சே. ஒன்று குறைந்தாலும் தொடாதீர்கள்.

களைக்கொத்து:
அந்த வேரைப் பார்ப்பதற்காகக் கடப்பாரையைப் போட்டுப் புற்றையே உடைக்கிறார்களே, அதையும் யாராவது சொல்லுங்கள். அடை உடைந்தால் அடுத்த வருஷம் அந்த இடத்தில் காளான் வருவது சந்தேகம்தான். ஒரே ஒரு காளானின் பக்கத்தில் மட்டும் கையால் மண்ணைத் தளர்த்திப் பார்த்தால் போதும். மற்றதையெல்லாம் மெதுவாகத் திருகி எடுக்கலாம். விரியாத மொட்டுகளை எடுத்துவிட்டு, விரிந்து பழுத்ததைப் புற்றிலேயே விட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

தோட்டத்துக்காரன்:
காளான் வருஷத்தில் சில நாள் விஷயம். கீரைக்கு வருகிறேன். கொரங்காட்டார் சொல்கிற மடி நிறையக் கீரை எந்தக் காட்டில் இருக்கிறது இப்போது? உடுமலை, பல்லடம் பக்கம் சோளமும் கடலையும் போட்ட நிலமெல்லாம் மக்காச்சோளமாகிவிட்டது, கோழிப்பண்ணைக்குத் தீவனம் வேண்டும். விதைத்த மூன்றாம் நாளே அட்ராசின் என்ற களைக்கொல்லி அடிக்கிறோம். அகன்ற இலைக் களை முளைக்கும்போதே போய்விடும். பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் அந்தக் கணக்கில்தான் வரும். 2018-இல் மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழு வந்ததிலிருந்து குருத்துக்குள்ளும் மருந்து ஊற்ற வேண்டியிருக்கிறது.

இதைக் குற்றம் என்று சொல்ல வேண்டாம். களை வெட்ட ஆள் இல்லை. இளவட்டமெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டது. பண்ணைக்கீரை ஒரு செடி பூத்து விதை கொட்டினால் அடுத்த பட்டத்தில் காடு முழுக்க அதுதான் நிற்கும். உங்களுக்கு அது கீரை, எனக்கு விளைச்சலைத் தின்கிற களை.

களைக்கொத்து:
அண்ணா, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் பூப்பதற்கு முன்னால் இளசாகப் பறித்துச் சாப்பிட்டால் அது விதை கொட்டுமா? எங்கள் அம்மாவும் அத்தைமாரும் பண்ணைக்கீரையைக் கதிர் விடுவதற்கு முன்பே பறிப்பார்கள். கடலைக் காட்டில் முதல் களை எடுக்கும்போது கீரை தனி, களை தனி என்று பிரித்தே மடியில் போடுவார்கள். கூலியோடு கீரையும் சேர்ந்துதான் அந்த வேலை. நீங்கள் மருந்து அடித்தபோது கூலி மட்டும் போகவில்லை, அந்த வீட்டுக் குழம்பும் போனது. இது எங்கும் கணக்கில் வருவதில்லை.

நொய்யல்கரை:
இன்னொன்று. ஆற்றோரப் பொன்னாங்கண்ணி, வல்லாரையைப் பறிக்கிறவர்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நொய்யலில் பல வருஷம் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி நின்றது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் சுத்திகரிப்பை எல்லோரும் கண்டிப்பாக எடுத்துக்கொண்டார்கள். மண்ணில் படிந்த உலோகத்தை ஈரத்தில் வளர்கிற கீரை உறிஞ்சும். கழுவினால் போகாது. நான் அந்தக் கரையில் பறிப்பதில்லை.

கொரங்காடு:
அதற்குத்தான் கொரங்காட்டைச் சொல்கிறேன். காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலாமரமுமாக மாட்டுக்கு விட்ட மேய்ச்சல் நிலம். உழவும் இல்லை, மருந்தும் இல்லை. வேலியில் ஏறிக் கிடக்கிற பிரண்டையும் முடக்கத்தானும் கோவையும் அங்கே இன்னும் சுத்தமாக இருக்கின்றன. நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறித்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

மண்சட்டி:
பறித்ததை எப்படிச் சமைப்பது என்று யாரும் சொல்லவில்லையே. பண்ணைக்கீரையை ஆய்ந்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், கொஞ்சம் புளி போட்டு மண்சட்டியில் வேக வையுங்கள். நீரை வடித்துத் தனியே வைத்து, மத்தால் நன்றாகக் கடைந்து, தேவையான அளவு மட்டும் நீரைச் சேர்த்து, கடலெண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். மிக்சியில் அரைத்தால் பசை மாதிரி ஆகிவிடும், அந்த ருசி வராது. தொய்யக்கீரைக்குத் தட்டைப்பயறு சேர்த்தால் பிரமாதம்.

பிரண்டைக்குக் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரியுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்துத்தான் துவையல் அரைக்க வேண்டும். சாரணை, பருப்புக்கீரை இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களும் வேக வைத்த நீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள்.

பவானி செவிலி:
மண்சட்டி அக்கா சொன்ன கீரையை நானும் சாப்பிடுவேன், அதில் சண்டை இல்லை. காளானில் என் நிலை மாறவில்லை. ஆனாலும் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடத்தான் போகிறீர்கள், அதனால் இதை மட்டும் செய்யுங்கள். சமைப்பதற்கு முன் ஒரு முழுக் காளானைக் காகிதத்தில் சுற்றித் தனியே வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம், அழுகிவிடும். சாப்பிட்ட யாருக்காவது வயிறு புரட்டினால், அது மறுநாளாக இருந்தாலும், 108-ஐக் கூப்பிட்டு அந்தக் காளானையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாந்தி நின்றுவிட்டது என்று திரும்பி வந்துவிடாதீர்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

களைக்கொத்து:
தோட்டத்துக்கார அண்ணாவிடம் ஒரு கேள்வி. மருந்து அடித்த காட்டில் எத்தனை நாள் கழித்துக் கீரை பறிக்கலாம்? கடைக்காரர் பதினைந்து நாள் என்கிறார்.

தோட்டத்துக்காரன்:
மருந்து டப்பாவில் போட்டிருக்கிற நாள் கணக்கு அந்தப் பயிரை அறுவடை செய்வதற்கு. நடுவில் முளைத்த கீரையை மனுஷன் சாப்பிடுவான் என்று யாரும் அதில் கணக்குப் போடவில்லை, அம்மணி. அடித்த காட்டில் அந்தப் பட்டம் முழுக்கக் கீரை பறிக்காதீர்கள். மேட்டுக்காட்டில் என் கடலைக்கு இந்த வருஷம் மருந்து அடிக்கவில்லை. முதல் களைக்கு வாருங்கள், கீரை உங்களுக்குத்தான்.