பதில்: ஒளிர்துருவியா, ஒளிர்காட்டியா?

வணக்கம். கலங்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வாயுக்களைக் கண்டால் ஒளிரும் சாய மூலக்கூறுக்கு (fluorescent probe) தமிழில் என்ன பெயர் என்பது இந்த இழையின் கேள்வி. அதில் ஒருவர் எழுதியது:

> ஊடுருவி ஆராய்வது துருவி. எனவே ஒளிர்துருவி பொருந்தும்.

தேங்காய்த் துருவி நினைவுக்கு வருகிறது என்று சென்னை நண்பர் மறுத்திருந்தார். கிளிநொச்சியில் நாங்கள் அதைத் திருவலை என்போம். எங்களுக்கு அந்தத் தடை இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. இந்த மூலக்கூறு எதையும் துருவுவதில்லை. கலத்துக்குள் ஒளியின்றிக் கிடக்கும். வாயு வந்து தாக்கமுற்றால்தான் ஒளிரும். ஐதரசன் சல்பைட்டுக்கான பல வகைகளில் சாயத்தின் ஒளிர்வை ஓர் ஏசைட்டுக் கூட்டம் (மூன்று நைதரசன் அணுக்கள் கொண்ட பகுதி) அடக்கி வைத்திருக்கிறது. சல்பைட்டு அதை அமீனாகத் தாழ்த்தியதும் சாயம் விழித்துக்கொள்கிறது. நைத்திரிக் ஒட்சைட்டுக்கென 1998இல் ஜப்பானில் வெளிவந்த டையமினோபுளோரெசின் என்ற சாயத்தில், ஒட்சிசன் முன்னிலையில் இரு அமீன் கூட்டங்களும் டிரையசோல் வளையமாகின்றன. நீல ஒளியைப் பாய்ச்சினால் பச்சையாக ஒளிரும். அதை ஆக்கியவர்களே கட்டுரைத் தலைப்பில் ‘காட்டி’ என்ற பொருளுள்ள சொல்லைத்தான் இட்டார்கள். (அந்த வாயுவின் தூதுப் பணியைக் கண்டறிந்த மூவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.)

ஆகவே ஒளிர்காட்டி. அமிலமா காரமா என்பதை நிறத்தால் காட்டும் பினோத்தலீனை உயர்தர மாணவர்கள் காட்டி என்றே படிக்கிறார்கள். பினோத்தலீனின் நிறம் மீளும், இது மீளாதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. டிரையசோலாகிவிட்ட சாயம் வாயு போன பிறகும் ஒளிரும். படத்தில் தெரிவது அக்கணத்து அளவன்று, அதுவரை சேர்ந்த கணக்கு. அதைச் சுட்ட வேண்டிய இடத்தில் மீளாக் காட்டி என்போம். மீளாத் தாக்கம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தானே. மீள்பவற்றுக்கு உணரி (sensor) என்ற சொல்லை ஒதுக்கலாம்.

முன்வைக்கப்பட்ட இன்னொரு சொல்லான ஒளிர்வேவி வேண்டாம். வேவு விமானம் தலைக்கு மேல் இரைந்துகொண்டிருந்த வன்னியில் அந்தச் சொல்லை வகுப்பறைக்குள் கொண்டுபோக எனக்கு மனமில்லை.

இந்த வாயுக்களுக்குச் சமிக்ஞை வாயு (signalling gas) என்பதைவிடத் தூது வாயு நல்லது. நந்திக்கடற் கரையில் கருஞ்சேற்றைக் கிளறினால் எழும் அழுகிய முட்டை நாற்றம் முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்குப் பழக்கம். அந்த நாற்றத்துக்குரிய ஐதரசன் சல்பைட்டைத் தங்கள் கலங்களே சிஸ்டீனிலிருந்து சிறிதளவு ஆக்குகின்றன என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். தூது என்றால் எதற்காக என்பது பிடிபட்டுவிடும்.

புளோரொளிர்வு (fluorescence) என்ற சொல் பற்றிய சண்டைக்கு நான் வரவில்லை. பாடநூலில் அது இருக்கட்டும். கூட்டுச் சொல்லில் ஒளிர் போதும். இருளிலிருந்து ஒளிர்வுக்கு மாறுவதற்கு முன்வைக்கப்பட்ட ‘ஒளிவிழிப்பு’க்கு என் வாக்கு.