ஏஞ்சல் அருவியை நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

வெனிசுவேலாவின் கனைமா தேசியப் பூங்காவில் ஔயான் தெப்புயி என்னும் மேசைமலையிலிருந்து விழும் ஏஞ்சல் அருவிக்கு நான் சென்றது ஓர் ஆகஸ்ட் மாதத்தில். மொத்த உயரம் 979 மீட்டர், அதில் எங்கும் தட்டாமல் விழும் பகுதி மட்டும் 807 மீட்டர் என்ற கணக்கெல்லாம் எனக்கு மனப்பாடம். அத்தனை உயரத்தையும் ஒரே மேகம் மூடிவிடக்கூடும் என்பதுதான் புறப்படும்போது மனத்தில் ஏறவில்லை.

கனைமா சிற்றூருக்குச் சாலை கிடையாது. சிறிய விமானத்தில்தான் போய் இறங்க வேண்டும். மறுநாள் குரியாரா எனப்படும் நீண்ட மரப்படகில் ஏறினோம். பெமோன் பழங்குடியினர் இருவர் அதைச் செலுத்தினார்கள். முன்னால் இருந்தவர் பாறைகளைப் பார்த்துக் கையசைக்க, பின்னால் இருந்தவர் அதற்கேற்ப மோட்டாரைத் திருப்பினார். மயுப்பா என்ற இடத்தில் ஆறு பாறைகளுக்கிடையே சீறிப் பாய்வதால், எங்களை இறக்கிப் புல்வெளி வழியாக நடக்கவிட்டு, படகை மட்டும் அவர்கள் மேலேற்றிக்கொண்டு வந்தார்கள். கர்ராவோ ஆற்றை விட்டுச் சுருன் ஆற்றுக்குள் திரும்பியபின் இருபுறமும் மலைச்சுவர்கள் நெருங்கி வந்தன. தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. அது அழுக்கன்று, மட்கிய இலைதழைகளிலிருந்து இறங்கும் சாயம்.

கரையிலிருந்து வேர்கள் பின்னிக் கிடக்கும் காட்டுவழியில் சுமார் ஒரு மணி நேரம் ஏறி, லைமே பார்வைமுனையை அடைந்தோம். எதிரே வெண்மையைத் தவிர ஒன்றுமில்லை. இரைச்சல் மட்டும் கேட்டது. இரண்டு மணி நேரம் நனைந்தபடி நின்றுவிட்டு, எதையும் காணாமலே இறங்கினோம். அன்றிரவு ஆற்றங்கரைக் கூரையின் கீழ்த் தூளியில் படுத்திருந்தபோது, இத்தனை தூரம் வந்தது வீண் என்றே நினைத்தேன்.

விடியற்காலையில் உடன் வந்தவர் ஒருவர் தோளைத் தட்டி எழுப்பினார். மேகம் விலகியிருந்தது. நீர் மலையுச்சியின் விளிம்பைத் தாண்டி வழியவில்லை. விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்ள பாறைப் பிளவுகளிலிருந்து பீறிட்டு வந்தது. இரவு பெய்த மழையால் அருகிலேயே வேறு சில கிளைகளும் விழுந்துகொண்டிருந்தன. ஒரு நீர்த்திரளைக் கண்ணால் பற்றிக்கொண்டு கீழிறங்கினால், அது பாதி வழியிலேயே புகையாகிவிடும். அடியை அடைவது எந்த நீர் என்று சொல்ல முடியாது. கால் மணி நேரத்தில் மீண்டும் மூடிக்கொண்டது.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு நேர்மாறான அனுபவம் எனக்கு. நான் மார்ச் மாதத்தில் சென்றேன். வறண்ட காலமாதலால் ஆற்றில் படகு ஓடும் அளவுக்கு நீரில்லை. விமானத்திலிருந்து பார்ப்பது ஒன்றே வழி. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது, ஆனால் அருவியோ நூலிழை போலத் தொங்கியது. காற்று அதை ஒருபுறம் ஒதுக்கியபோது கீழ்ப்பாதி காணாமலே போனது. விமானி இருபுறத்தாரும் பார்ப்பதற்காக இரண்டு முறை வட்டமிட்டார். அவ்வளவுதான்.

எனக்கு மனத்தில் நின்றது வேறொன்று. சியுடாட் பொலிவார் நகர விமான நிலையத்தின் முன்னால், இந்த அருவிக்குத் தன் பெயரைத் தந்த அமெரிக்க விமானி ஜிம்மி ஏஞ்சலின் விமானம் நிற்கிறது. 1937 அக்டோபர் 9 அன்று அவர் இதே மலையுச்சியில் அதை இறக்கியபோது சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிட, மனைவி மரியும் வேறு இருவருமாக நால்வரும் 11 நாள் நடந்து கீழே வந்தார்கள். விமானமோ 1970 வரை மேலேயே கிடந்தது. சன்னல் வழியாக அந்த விளிம்பைப் பார்த்தவுடன், அதில் எங்கே இறங்குவழி கண்டுபிடித்தார்கள் என்றுதான் யோசித்தேன்.

* * *

அருவியின் பெயர் குறித்து ஒரு சிறு குறிப்பு. நான் சென்றபோது, எங்கோ படித்ததை நம்பி, படகோட்டியிடம் இதைச் 'சுருன் மெரு' என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, அது இதே பள்ளத்தாக்கில் உள்ள வேறோர் அருவி என்றும், இதன் பெமோன் பெயர் 'கெரெபகுபை மெரு' என்றும் சொன்னார். மிக ஆழமான இடத்தின் அருவி என்பது பொருள். உயரத்தைக் கண்டு மலைத்து நின்ற எனக்கு, அவர்கள் ஆழத்தை வைத்துப் பெயரிட்டிருந்தது பிடித்திருந்தது.

நான் சென்றது டிசம்பர் இறுதி. மழை ஓய்ந்து ஆறு வற்றத் தொடங்கியிருந்ததால், படகு தரைதட்டிய இடங்களில் நாங்களும் இறங்கித் தள்ளினோம். ஆனால் அருவி அன்று பிற்பகல் முழுவதும் மறையாமல் தெரிந்தது.

* * *

முதலில் எழுதியவன் நான்தான். எந்த மாதத்தில் செல்வது என்று தனிமடலில் கேட்டவர்களுக்காக இங்கேயே சொல்கிறேன்: படகு மிதக்க வேண்டிய மழைதான் மேகத்தையும் கொண்டுவருகிறது. ஆகவே மாதத்தைவிட, ஆற்றங்கரையில் எத்தனை இரவு தங்குகிறீர்கள் என்பதைப் பாருங்கள். நான் ஓரிரவுதான் தங்கினேன். மறுமுறை வாய்த்தால் இரண்டு இரவு கேட்பேன்.