முன் ஓரம் மேலே ஏறுகிறது, கைக்குழி விரிந்து நிற்கிறது: அடிப்படைப் பேட்டர்னில் எங்கே தவறு?

கேட்பவர் (யாங்கோன்):
வணக்கம். வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறேன். இதுவரை பழைய சட்டையை விரித்து வைத்து, அதைப் பார்த்தே வெட்டிவந்தேன். ஒருவருக்கு ஒரு தடவை அட்டையில் அடிப்படைப் பேட்டர்ன் போட்டு வைத்தால், யின்ஸீ, யின்ஃபோன் என்ற பர்மியச் சட்டைகள், சேலை ஜாக்கெட் எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுக்கலாம் என்று தொடங்கினேன். மூன்று தடவை வரைந்தும் சரியாக வரவில்லை.

தைக்கக் கொடுத்தவருக்கு மார்புச் சுற்று 38, இடுப்பு 32, முதுகு நீளம் 15 அங்குலம். 38-ஐ நான்கால் வகுத்து, லூசுக்கு அரை அங்குலம் சேர்த்து, முன்னுக்கும் பின்னுக்கும் 10 அங்குலமே வைத்தேன். தெய்ஞ்ஜி சந்தையில் வாங்கிய காடாத்துணியில் தைத்துப் போட்டுப் பார்த்தால், முன் கைக்குழி வாய் திறந்தாற்போல் நிற்கிறது. முதுகில் துணி தொய்கிறது. முன் ஓரம் முக்கால் அங்குலம் மேலே ஏறி, தமெயினின் (இடுப்பில் சுற்றிக் கட்டும் பர்மியப் பாவாடை) கறுப்புப் பட்டை தெரிகிறது. தீபாவளிக்கு இரண்டு சட்டை தருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாகோவிலிருந்து:
அக்கா, துணி தொய்கிறதென்றால் பக்கத்தையலை அரை அங்குலம் உள்ளே பிடித்துப் பாருங்கள்.

கேட்பவர்:
பிடித்துப் பார்த்தேன் தம்பி. முதுகு சற்றுச் சரியானது. ஆனால் மார்பிலிருந்து பக்க இடுப்பை நோக்கிச் சாய்வாக இழுப்புக் கோடுகள் விழுந்துவிட்டன. பிரித்துவிட்டேன்.

மோல்மேனிலிருந்து:
பிரித்தது நல்லது அம்மா. அந்தச் சாய்வுக் கோடுகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. இரண்டு கேள்வி. மேல் மார்பு, அதாவது அக்குளுக்குக் கீழாக நாடாவைக் கொடுத்து, மார்புக்கு மேலே சுற்றி எடுக்கும் அளவு எவ்வளவு? முன்பக்கம் எத்தனை டாட், அதாவது துணியை முக்கோணமாக மடித்துத் தைக்கும் பிடிப்பு, வைத்தீர்கள்?

கேட்பவர்:
இன்று போய் எடுத்தேன் ஐயா. மேல் மார்பு 34½. டாட் ஒன்றுதான், இடுப்பிலிருந்து மேலே, ஒரு அங்குல அகலம்.

மோல்மேனிலிருந்து:
வித்தியாசம் மூன்றரை அங்குலம். பொதுவான பேட்டர்ன் கணக்குகள் இரண்டு அங்குல வித்தியாசத்தை மனத்தில் வைத்தே போடப்பட்டவை. அவருக்குத் தோளும் முதுகும் சிறியவை, மார்பு மட்டும் பெரியது. நீங்கள் 38-ஐ வைத்து எல்லாவற்றையும் கணக்கிட்டதால் கைக்குழியும் முதுகும் பெரிதாகிவிட்டன. மார்புக்கு வேண்டிய இடமோ முன்பக்கத்தில் இல்லை. மேடு துணியைத் தன் பக்கம் இழுக்கிறது, அதனால்தான் முன் ஓரம் ஏறுகிறது. பக்கத்தையலில் கைவைத்து இதைத் திருத்த முடியாது.

மேல் மார்போடு இரண்டு சேர்த்து 36½ என்று வைத்துப் புதிதாக வரையுங்கள். பின்பக்கத்தை அந்தக் கணக்கிலேயே விட்டுவிடுங்கள். மீதி ஒன்றரை அங்குலம் முன்பக்கத்துக்கு மட்டும். பாதிப் பேட்டர்னுக்கு முக்கால்.

அதை ஓரத்தில் கூட்டக் கூடாது. மார்பு முனையைக் குறித்து, அங்கிருந்து நேர் கீழே இடுப்பு வரை ஒரு கோடு, மேலே கைக்குழியின் கீழ்ப்பகுதிக்கு ஒரு கோடு, பக்கத்தையலுக்கு ஒரு கோடு போடுங்கள். இடுப்பிலிருந்து முனை வரை வெட்டி, அப்படியே திரும்பிக் கைக்குழிக் கோட்டில் போங்கள். கைக்குழி ஓரத்தில் ஒரு நூலளவு தாள் ஒட்டியே இருக்கட்டும், அதுதான் கீல். பக்கத்தையலிலிருந்து வரும் கோட்டையும் முனைக்கு ஒரு நூலளவு முன்பு வரை வெட்டுங்கள். இப்போது முனையில் முக்கால் அங்குலம் விரியுங்கள். பக்கத்தில் ஒரு டாட் தானாகவே திறக்கும். கீழே நடுப்பகுதி குட்டையாக நிற்கும், அதை நேர் குறுக்கே வெட்டி இறக்கி, அடியில் தாள் ஒட்டிச் சமன் செய்யுங்கள். அந்த நீளம்தான் உங்கள் கறுப்புப் பட்டையை மறைக்கப்போகிறது! இடுப்பில் கூடிய அகலம் இடுப்பு டாட்டுக்குள் போய்விடும்.

பக்க டாட்டை மடித்து வைத்துக்கொண்டு பக்க ஓரத்தை வெட்டுங்கள். விரித்து வைத்து வெட்டினால் தைக்கும்போது அந்த இடம் குறைபடும். தையலுக்கு விடும் துணியை அட்டையில் சேர்க்காதீர்கள். அது வெட்டும்போது சேர்க்க வேண்டியது. பேட்டர்ன் உடம்பின் அளவாகவே இருக்க வேண்டும்.

கேட்பவர்:
ஐயா, நேற்றிரவு மின்சாரம் வருவதற்குக் காத்திருந்து இஸ்திரி போட்டு, இன்று போட்டுப் பார்த்தேன். முன் ஓரமும் பின் ஓரமும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. கைக்குழியில் ஒரு விரல்தான் நுழைகிறது. அவர் கையைத் தூக்கிக் கூந்தலை முடிந்து பார்த்தார், எங்கும் பிடிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்க டாட்டின் நுனியில் மட்டும் கொப்புளம் போல் ஒரு உப்பல்.

மோல்மேனிலிருந்து:
டாட்டை மார்பு முனை வரை கொண்டுபோயிருப்பீர்கள். ஒரு அங்குலம் முன்பே நிறுத்துங்கள். நுனியில் திருப்பித் தைக்காமல், நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போடுங்கள். சரியானதும் அட்டையில் மாற்றி, நேர் இழைக் கோடு (துணியின் நீள இழை ஓடும் திசை), அளவெடுத்த தேதி, ‘தையல் விடவில்லை’ என்ற குறிப்பு மூன்றையும் எழுதி, ஓட்டை போட்டுத் தொங்கவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் நம் ஊர் மழைக்கு அட்டை நமத்து வளைந்துவிடும்.

பாகோவிலிருந்து:
நான் சொன்னது தவறு அக்கா. என்னிடமும் இதே இழுப்புக் கோட்டோடு ஒரு சட்டை கிடக்கிறது. இன்று அதைத் தைக்கக் கொடுத்தவருக்கு மேல் மார்பு அளவு எடுக்கப்போகிறேன்.