எள்ளுத்தாத்தா பெயருக்கு முன்னால் 'தண்டல்': வட்டிக்காரரா?

ராயபுரத்துப் பேரன்:
தம்பிக்கு பாஸ்போர்ட் எடுக்க உட்கார்ந்தோம், சர்நேம் கட்டத்தில் என்ன போடுவது என்று ஆரம்பித்த பேச்சு பீரோவில் இருந்த தாய்ப்பத்திரம் வரை போய்விட்டது. 1912ல் எழுதியது. "தண்டல் ராயப்பன் குமாரர் சவரிமுத்து" என்று இருக்கிறது. சவரிமுத்து என் கொள்ளுத்தாத்தா. எங்கள் பக்கம் தண்டல் என்றால் காலையில் நோட்டோடு கடை கடையாக வசூலுக்கு வருகிறவர்தான். அம்மாவுக்குக் கொண்டாட்டம், "உங்க பரம்பரையே வட்டிக்கு விட்டதுதானா" என்று அப்பாவை ஓட்டிக்கொண்டிருக்கிறார். இது குடும்பப் பெயரா, தொழிலா? எங்கே போய்த் தேடுவது?

கடலோரத்தான்:
அம்மாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க தம்பி. படகாட்களுக்குத் தலைவனையும் தண்டல் என்றுதான் சொல்வார்கள். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் அலை உடைகிற இடத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் சரக்கும் கரைக்கு வருவது மசூலாப் படகில். ஆணியே கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை அடித்தால் நெளிந்து கொடுக்கும், உடையாது. பின்னால் நின்று நீளத் துடுப்பால் திருப்பிக்கொண்டு, எந்த அலையில் ஏறுவது என்று கத்துகிறவர்தான் தண்டல். 1861ல் கடலுக்குள் இரும்புப் பாலம் கட்டினார்கள், 1875ல் துறைமுக வேலை தொடங்கியது, 1881 புயல் அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம், இவர்கள் கைதான் ஓங்கி இருந்தது. ராயபுரம் ராயப்பர் (புனித பேதுரு) கோயிலே படகுக்காரர்கள் கட்டியது, 1829ல்.

மூலக்கொத்தளம்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வரி வசூலிப்பதற்கும் தண்டல் என்றே பெயர். பத்திரத்தில் ஒரு சொல்லைப் பார்த்து வம்சம் கட்டினால், பிறகு அதை இடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் (என் சொந்த அனுபவம், அந்தக் கதை வேண்டாம்). பெயரைப் பார்த்தால் கத்தோலிக்கக் குடும்பம். கோயில் அலுவலகத்தில் கேட்டு ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய பதிவுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். ராயப்பன் என்று தேடினால் கிடைக்காது, பேத்ருஸ் என்று எழுதியிருப்பார்கள். சவரிமுத்து சவேரியுஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னஸ். நான் இது தெரியாமல் இரண்டு நாள் வீணாக்கினேன். ஞானத்தாய், ஞானத்தகப்பன் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள்) பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சித்தப்பா, அத்தை என்று சொந்தமாகவே இருப்பார்கள், அடுத்த தலைமுறை அங்கிருந்துதான் பிடிபடும். அப்புறம், தண்டல் என்று போட்ட எல்லாரும் பங்காளி ஆகிவிட மாட்டார்கள். அது அந்த ஒருவருக்கான பட்டம், நம்மூரில் அப்பா பெயர்தான் மகனோடு போகும்.

ராயபுரத்துப் பேரன்:
ரொம்ப நன்றி அண்ணே. பெரியத்தையிடம் கேட்டேன், "தாத்தாவோட தாத்தாவுக்குக் கடல்ல வேலை" என்கிறார், மீனா படகா என்று தெரியவில்லையாம். ஞாயிறு பூசை முடிந்ததும் அலுவலகத்தில் கேட்கப் போகிறேன், பேத்ருஸ் என்று கையில் எழுதிக்கொண்டு. பாஸ்போர்ட் கட்டத்தில் அப்பா பெயரையே போட்டுவிட்டோம்.