ஸ்பானிஷ் கற்கச் சென்ற சேலத்துக்காரர்கள்: மறைபணியாளர் அனுபவப் பகிர்வு

ஏற்காட்டைச் சேர்ந்த ஓர் அருட்சகோதரி எழுதுவது:

சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவள் நான். பொலிவியாவில் பணியாற்ற அனுப்பப்பட்டபோது, பணித்தளத்திற்குச் செல்லும் முன் கோச்சபாம்பா நகரில் தங்கி ஸ்பானிஷ் கற்றேன். பல நாடுகளிலிருந்து வரும் குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் நெடுங்காலமாக அந்த ஊரில்தான் மொழி பயின்று, பிறகு தென் அமெரிக்காவின் வெவ்வேறு மூலைகளுக்குப் பிரிந்து செல்கிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த கத்தோலிக்க மறைபணிச் சபையான மேரிநோல் சபையினர் அங்கே நடத்திய மொழிப்பள்ளி இதற்குப் பெயர்பெற்றது. நம் பகுதியிலிருந்து புறப்படவிருக்கும் இளம் சகோதரிகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொள்வது, ஸ்பானிஷை ஆங்கிலத்தின் வழியாக அணுகாமல் தமிழின் வழியாக அணுகுங்கள் என்பதே. ஏன் என்பதை அங்கே கழிந்த அன்றாட வாழ்க்கையோடு சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும்.

கோச்சபாம்பா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; நம் ஏற்காடு 1,500 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. மலைக்குளிர் எனக்குப் புதிதல்ல என்றாலும், தண்ணீர் அங்கே ஏறக்குறைய 91 பாகையிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. குக்கரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவைத்த மூத்த சகோதரியை அங்கிருந்த நாளெல்லாம் வாழ்த்தினேன்.

காலையில் நான்கு மணி நேரம் வகுப்பு. ஓர் ஆசிரியைக்கு மூன்று நான்கு மாணவர்கள் மட்டுமே இருந்ததால், வாயைத் திறக்காமல் யாரும் தப்பிக்க முடியாது. என்னோடு படித்தவர்களில் வட அமெரிக்கர்கள் இருவர் இருந்தனர். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதை ஸ்பானிஷில் 'மே குஸ்தா எல் கஃபே' என்பார்கள். அதில் பிடிப்பது காபி. யாருக்கு என்பது வேற்றுமையாக வந்து ஒட்டிக்கொள்கிறது. எங்கள் ஆங்கிலப் பாடநூல் இதனைத் தலைகீழான அமைப்பு என்று பெயரிட்டு, ஒரு முழு அதிகாரத்தைச் செலவழித்து விளக்கியது. அந்த இருவரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்த வேளையில் நானோ இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது என்று விழித்துக்கொண்டிருந்தேன். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று பிறந்ததுமுதல் சொல்லிவரும் நமக்கு 'மே துவேலே லா கபேஸா' என்பது கேட்ட மாத்திரத்தில் விளங்குகிறது. வினைமுற்றின் ஈறே யார் என்பதைக் காட்டிவிடுவதால், வந்தேன், வந்தாய், வந்தான் என்று நாம் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவதைப்போல அவர்களும் பேசுகிறார்கள். உச்சரிப்பும் அப்படித்தான். 'அது' என்னும்போது நாம் தகரத்தை மென்மையாக்குவதையும் 'பகல்' என்னும்போது ககரத்தை இளக்குவதையும் ஸ்பானிஷ்காரர்கள் தங்கள் சொற்களில் இயல்பாகச் செய்கிறார்கள். ஞகரம் அவர்களிடம் தனி எழுத்தாகவே இருக்கிறது. இத்தனை சலுகைகளையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் ஆங்கிலமாக்கி, பிறகு ஸ்பானிஷாக்கிக்கொண்டிருந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

நண்பகலில் கடைகள் மூடப்படும். குடும்பத்தினர் எல்லோரும் மதிய உணவுக்கு வீடு திரும்புவார்கள். நான் தங்கியிருந்த வீட்டில் முதலில் சூப், அதன் பிறகே பெரிய தட்டு என்பது மாறாத ஒழுங்கு. பச்சை நிலக்கடலையை அரைத்துக் காய்ச்சும் சூப்பும், ஒரே தட்டில் சோறும் உருளைக்கிழங்கும் சேர்ந்து வருவதும் எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டன. இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைக்கும் 'சூஞோ' என்ற கறுத்த உருளைக்கிழங்கு மட்டும் கடைசிவரை பழகவில்லை. ஆனால் அந்த வீட்டு அடுக்களையில் 'பத்தான்' என்ற அகலமான அரைகல் ஒன்று கிடந்தது. குழவியை உருட்டாமல், கனத்த கல் ஒன்றை இரு கைகளாலும் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டித் தக்காளியையும், கறுத்த விதைகள் கொண்ட 'லொகோத்தோ' மிளகாயையும் அரைத்து 'லியாஹ்வா' என்ற துவையல் செய்வார்கள். நான் ஒரு நாள் அந்தக் கல்லின் முன் அமர்ந்து அரைத்துக் காட்டியதற்குப் பிறகு, வீட்டுப் பாட்டி என்னிடம் மெதுவாகப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஊர்ப்பெண்களிடம் பேசும் அதே வேகத்தில் என்னிடமும் பேசத் தொடங்கினார். வகுப்பறையில் கேட்டறியாத வினைச்சொற்களை எல்லாம் அந்தக் கல்லடியில்தான் கேட்டேன்.

மாலையில் சந்தைக்குப் போவேன். அங்கே விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் 'கசேரித்தா' என்றே அழைத்துக்கொள்வார்கள்; வாடிக்கையாக ஒருவரிடமே வாங்கினால் நிறுவையில் தாராளம் கிடைக்கும். வாங்கி முடித்த பிறகு 'யாப்பா' கேட்பது வழக்கம். சேலம் உழவர் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிவிட்டுக் கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்டுப் பழகிய எவருக்கும் இதற்கென்று தனியாகப் பாடம் வேண்டியதில்லை.

நவம்பர் தொடக்கத்தில் நடந்தது ஒன்றையும் சொல்லவேண்டும். முதல் தேதி நண்பகலில் இறந்தோரின் ஆன்மாக்கள் வீட்டுக்கு வந்து, மறுநாள் நண்பகலில் விடைபெறுவதாக அங்குள்ளோர் நம்புகிறார்கள். அவர்களுக்குப் பிடித்த உணவையும், குழந்தை உருவில் சுட்ட ரொட்டிகளையும் மேசையில் பரப்பிவைத்து, வருவோர் போவோரையெல்லாம் ஜெபிக்கச் சொல்லி, கைம்மாறாக ரொட்டி கொடுத்தனுப்புவார்கள். நம் ஊர்க் கல்லறைத் திருநாளில் மெழுகுதிரியும் பூவுமாகக் கல்லறைகளுக்குச் சென்று பழகிய எனக்கு, துக்க வீட்டு மேசை முன் நின்று, முன்பின் அறியாத ஒருவரின் பெயரைச் சொல்லி ஸ்பானிஷில் ஜெபிக்கும்படி கேட்டபோது நாக்கு உலர்ந்தது. மனப்பாடமாக இருந்த 'பாத்ரே நுவெஸ்த்ரோ' என்னும் 'எங்கள் தந்தையே' ஜெபத்தைச் சொன்னேன். அந்த வீட்டு அம்மா போதாது என்று தலையசைத்து, இறந்த தன் மகனைப்பற்றி நான்கு வாக்கியங்கள் சொல்லி, இதையும் கடவுளிடம் சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அவை ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்திருந்தன. பை நிறைய ரொட்டியோடு வீடு திரும்பினேன்.

சூரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு போதகர் எழுதுவது:

சகோதரியின் கருத்தோடு நான் உடன்படுகிறேன். என் அனுபவம் வேறொரு நாட்டைச் சார்ந்தது. என் மனைவியும் நானும் கோஸ்தா ரிக்காவின் தலைநகரான சான் ஹொசேயில் மொழி பயின்றோம். இலக்கணத்தைவிட மரியாதைதான் எங்களை அந்த ஊரோடு ஒட்டவைத்தது என்று சொல்லவேண்டும். ஸ்பானிஷில் நெருக்கமானவர்களை ஒருவிதமாகவும் மற்றவர்களை 'உஸ்தேத்' என்றும் விளிப்பார்கள் என்று பாடநூல் சொல்கிறது. கோஸ்தா ரிக்காவில் அந்த எல்லையே இல்லை. தாய் தன் மூன்று வயது மகனை உஸ்தேத் என்கிறாள். கணவன் மனைவியை அப்படி அழைக்கிறான். வாசலில் குரைக்கும் நாயையும் அதே மரியாதையோடு அதட்டுகிறார்கள். உடன்படித்த மற்ற நாட்டவர்கள் இதைக் கண்டு சிரித்தார்கள். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையை 'வாங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாங்க' என்று அனுப்பும் நம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

முகவரி சொல்லும் முறையும் அப்படித்தான். தெருப்பெயரும் கதவிலக்கமும் அங்கே பெரும்பாலும் வழக்கில் இல்லை. 'தேவாலயத்திலிருந்து தெற்கே இருநூறு மீட்டர், பிறகு கிழக்கே ஐம்பது மீட்டர்' என்றுதான் கடிதத்தின் மேலுறையிலும் எழுதுவார்கள். நூறு மீட்டர் என்பது அளவுகோலின் நூறு அல்ல, ஒரு தெருக்கட்டின் நீளம். நகரின் சான் பெத்ரோ பகுதியில் ஒரு பெரிய அத்திமரம் இருந்ததாம். மரம் போன பிறகும் 'பழைய அத்திமரத்திலிருந்து' என்றே வழி சொல்கிறார்கள். சேலத்தின் ஐந்து ரோட்டிலும் நாலு ரோட்டிலும் வழி கேட்டு வளர்ந்தவனுக்கு இது சொந்த ஊர். திசைகளும் தொலைவுகளும் எண்களும் எனக்கு ஆட்டோ ஓட்டுநர்களிடமும் பெட்டிக்கடைகளிலும்தான் வசப்பட்டன.

மே முதல் நவம்பர் வரை பிற்பகல்தோறும் மழை கொட்டும். ஆகவே வீட்டுச் சந்திப்புகளை எல்லாம் காலையிலேயே வைத்துக்கொள்வார்கள். மழை பிடித்துக்கொண்டால் போன வீட்டிலேயே காபியோடு மாலைவரை உட்காரவேண்டியதுதான். மரச்சட்டத்தில் தொங்கும் துணிப்பையில் காபித்தூளை இட்டு வெந்நீரை ஊற்றி வடிப்பார்கள். காலை உணவு, முந்தைய நாள் சோற்றையும் கறுப்பு பீன்ஸையும் கலந்து வதக்கிய 'கல்யோ பிந்தோ'. இறைச்சிக் குழம்பில் சௌசௌவும் வாழைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் மிதக்கும். மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. அதை வைத்தே ஜவ்வரிசித் தொழிலை வளர்த்து, 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பையும் கண்ட ஊர் எங்களுடையது என்று நான் எடுத்துச் சொன்னபோது, நாங்கள் தங்கியிருந்த வீட்டின் அம்மாள் நம்பவில்லை. கிழங்கை எதற்கு வெள்ளை மணியாக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. அதற்கு விடை சொல்லவே எனக்கு இரண்டு வகுப்பின் இறந்தகால வினைகள் தேவைப்பட்டன.

ஆத்தூரைச் சேர்ந்த ஓர் அருட்சகோதரர் எழுதுவது:

இருவரும் இனிப்பான பகுதியை மட்டும் பரிமாறிவிட்டீர்கள். நான் குவாத்தமாலாவின் அந்திகுவா நகரில் படித்தேன். அங்கே ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், இருவருக்கும் நடுவே ஒரு சிறு மேசை என்பதே வழக்கமான முறை. தமிழ் உதவாத இடங்களையும் யாராவது சொல்லவேண்டும் அல்லவா?

மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். அஃறிணை என்ற நிம்மதியான ஏற்பாடு அங்கே கிடையாது. அடுத்தது, 'இரு' என்பதற்கு உள்ள இரண்டு வினைகள். நிலையானதற்கு 'ஸேர்', தற்காலிகமானதற்கு 'எஸ்தார்' என்று நூல்கள் சொல்லும். அப்படியானால் இறந்துபோனவரைக் குறிக்கவும் எஸ்தார்தான் வருகிறதே, மரணத்தைவிட நிலையானது எது என்று கேட்டேன். என் ஆசிரியர் ஒரு கத்தோலிக்கர். உயிர்த்தெழுதலை நம்புகிறவர் இதைக் கேட்கலாமா என்று திருப்பிக் கேட்டுவிட்டார். மூன்றாவது, ஐயமும் விருப்பமும் வேண்டுதலும் வரும் இடங்களில் வினையே உருமாறுவது. ஜெபம் முழுக்க வேண்டுதலாகவே இருப்பதால், மறைபணியாளர் இதிலிருந்து ஒரு நாளும் ஒதுங்க முடியாது.

ஆங்கிலத்தைத் தள்ளிவைக்கச் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. இலத்தீனிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான சொற்கள் இரு மொழிக்கும் பொது. நற்செய்தி, திருவருட்சாதனங்கள் சார்ந்த சொற்களில் கணிசமானவை எனக்கு ஆங்கிலத்தால் இலவசமாகக் கிடைத்தன. வீரமாமுனிவரே பேச்சுத்தமிழுக்குத் தாம் எழுதிய இலக்கணத்தை இலத்தீனில்தான் எழுதினார். 1738-இல் தரங்கம்பாடியில் அது அச்சானது. படித்துப் பழகிய மொழி எதுவோ அதில் இலக்கணத்தை விளக்கிக்கொள்வது இந்தப் பணியில் பழைய வழக்கந்தான். பேசிப் பழகத் தமிழ் துணையாகலாம், படித்துப் பழக ஆங்கிலம் துணையாகட்டும் என்பது என் தரப்பு.

ஏற்காட்டு அருட்சகோதரி மீண்டும்:

சகோதரர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மறையுரை தயாரிக்கும்போது ஆங்கிலம் எனக்கும் உதவியது. ஆனால் பொலிவியாவில் ஸ்பானிஷ் கற்றதோடு வேலை முடிவதில்லை. கோச்சபாம்பா பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் முதியவர்கள், முக்கியமாகப் பெண்கள், கெச்சுவா என்ற பழங்குடி மொழியில்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். நோயாளியைப் பார்க்கப் போனால் ஸ்பானிஷில் நலம் விசாரித்து முடித்ததும் பேச்சு நின்றுவிடும். ஆகவே மறுபடியும் முதல் பெஞ்சில் அமர்ந்தேன்.

அங்கே ஆங்கிலம் எதற்கும் உதவவில்லை. கெச்சுவாவில் வினை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. பெயரோடு ஒட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. பெயர்களுக்கு ஆண்பால் பெண்பால் தொல்லை இல்லை. சகோதரர் கேட்ட நிம்மதி அங்கே இருக்கிறது! நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு இருப்பதைப்போல அவர்களுக்கும் கேட்பவரைச் சேர்த்துச் சொல்ல ஒன்று, விலக்கிச் சொல்ல ஒன்று என்று இரண்டு வடிவங்கள் உண்டு. பாத்ரே நுவெஸ்த்ரோ என்னும் ஸ்பானிஷ் ஜெபத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியே இல்லை. கெச்சுவாவில் அது 'யாயாய்க்கு' என்று விலக்கும் வடிவில் தொடங்குகிறது. கடவுளிடமே பேசும்போது அவரையும் சேர்த்து 'நம் தந்தையே' என்று சொல்ல முடியாது அல்லவா? 'எங்கள் தந்தையே' என்று நாமும் அந்தக் காரணத்தால்தான் சொல்கிறோம். வகுப்பில் இந்த இடம் வந்தபோது ஆசிரியை எடுத்துக்காட்டுகளோடு நீண்ட விளக்கத்துக்குத் தயாராக வந்திருந்தார். நான் தமிழில் உள்ளதைச் சொன்னதும், அன்றைய பாடத்தை என்னையே மற்றவர்களுக்கு நடத்தச் சொல்லிவிட்டு, அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.