ஏபிஎஸ் இல்லாத பைக் வாங்குவது முட்டாள்தனமா? முதலில் ஜல்லிக்குப் பதில் சொல்லுங்கள்

பழைய கிளட்ச்:
ஹெல்மெட் திரியில் சக்கரவேகம் என்பவர் போகிற போக்கில் ஒரு வரியை வீசிவிட்டுப் போயிருக்கிறார்: "இன்றைக்கு ஏபிஎஸ் இல்லாத பைக் வாங்குவது முட்டாள்தனம்." படித்ததிலிருந்து எரிகிறது. ஏபிஎஸ் என்றால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் பெட்டி; முப்பது வருடமாக அது இல்லாமல்தான் ஓட்டுகிறேன். எங்கே பிடிக்கும், எங்கே வழுக்கும் என்று என் இரண்டு விரலுக்குத் தெரியும். ஒரே கேள்வி: ஜல்லி கொட்டிய பாதையில் ஏபிஎஸ் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்குமா, எடுக்காதா? கதை வேண்டாம்.

சக்கரவேகம்:
எடுக்கலாம். பூட்டிக்கொண்ட சக்கரம் ஜல்லியை முன்னால் குவித்து அதிலேயே முட்டி நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தை உருளவிடுவதால் அந்தக் குவியல் சேராது. கரடுமுரடான பாதைக்கென்று வரும் பல வண்டிகளில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க வசதி வைப்பது அதற்காகத்தான். ஆனால் முன்சக்கரம் பூட்டினால் பக்கவாட்டுப் பிடிப்பு போய்விடும், கண் இமைப்பதற்குள் தரையில் கிடப்பீர்கள். கிடக்கிறவருக்கு நிற்கும் தூரம் எதற்கு ஐயா?

பழைய கிளட்ச்:
"எடுக்கலாம்" என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பூச்சு வேலை.

ஈரத்தார்:
பயணத்தில் நூற்றில் எத்தனை பங்கு ஜல்லியில் ஓட்டுகிறீர்கள்? அமெரிக்காவில் 1981இல் வந்த ஹர்ட் அறிக்கையைப் பாருங்கள். 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தார்கள். விபத்தைத் தவிர்க்க ஓட்டுபவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 வினாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? பின்பிரேக்கை மிதித்துச் சறுக்கவிட்டார்கள், முன்பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. முன்சக்கரம் பூட்டிவிடுமோ என்ற பயம் இருக்கிற வரைக்கும் கை அப்படித்தான் தயங்கும்.

பழைய கிளட்ச்:
1981! அப்போது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை. பிரேக் பிடிக்கத் தெரியாதவர்களைப் பற்றிய அறிக்கையை வைத்து, தெரிந்தவனுக்குப் பாடம் எடுக்கிறீர்கள். தெரியாவிட்டால் கற்றுக்கொள்ள வேண்டும், பெட்டி வாங்கி மாட்டக் கூடாது.

கேள்விக்குறி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இங்கே "பாதுகாப்பு" என்று எதைச் சொல்கிறோம்? மோதாமல் தப்புவதையா, மோதினாலும் அடி குறைவாகப் படுவதையா? இரண்டுக்கும் வெவ்வேறு தொழில்நுட்பம். இதை முதலில் தீர்த்துக்கொண்டால் நல்லது.

சங்கிலி எண்ணெய்:
பழைய கிளட்ச் அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சங்கிலியை டீசலில் கழுவினால் போதும் என்று சொன்னவரும் அவர்தானே. என் சங்கிலி இன்னும் அழுதுகொண்டிருக்கிறது.

பழைய கிளட்ச்:
அந்தத் திரி மூடியாகிவிட்டது தம்பி. கழுவிவிட்டு எண்ணெய் விடச் சொன்னேன், நீர் அந்த வரியைப் படிக்கவில்லை. இப்போதும் படிப்பதில்லை. ஜல்லிக்கு வாருங்கள்.

சக்கரவேகம்:
ஜல்லிக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. இப்போது வளைவுக்கு வருகிறேன். வண்டி சாய்ந்திருக்கும்போது டயரின் பிடிப்பில் ஒரு பங்கு திரும்புவதற்கே செலவாகிவிடும், மிச்சம்தான் பிரேக்குக்கு. திடீரென்று முன்பிரேக்கைப் பிடித்தால் ஒன்று வழுக்கும், இல்லை வண்டி நிமிர்ந்து வளைவுக்கு வெளியே இழுக்கும். சாய்வை அளந்து அதற்கேற்ப பிரேக் அழுத்தத்தை மாற்றும் பாஷ் நிறுவனத்தின் ஏற்பாடு 2013இல் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் வந்தது. உங்கள் இரண்டு விரல் சாய்வுக் கோணத்தை வினாடிக்குப் பல தடவை அளக்குமா?

பழைய கிளட்ச்:
என் விரல் அளக்காது. என் இடுப்பு அளக்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பவனுக்கு வளைவில் பிரேக் எதற்கு? இப்படிப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் கூரையும் சீட் பெல்ட்டும்தான் பாக்கி.

ஈரத்தார்:
அதுவும் வந்தாகிவிட்டது. 2000இல் பிஎம்டபிள்யூ சி1. தலைக்கு மேல் சட்டகம், சீட் பெல்ட், முன்னால் நொறுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் பகுதி.

சங்கிலி எண்ணெய்:
அது ஸ்கூட்டர். பைக் திரியில் ஸ்கூட்டர் எதற்கு?

ஈரத்தார்:
இரண்டு சக்கரம், ஒரு எஞ்சின். விழுந்தால் அதுவும் பக்கவாட்டில்தான் விழும். வேறு என்ன வேண்டும் உங்களுக்கு?

சங்கிலி எண்ணெய்:
கியர் வேண்டும்.

ஈரத்தார்:
மின்சார பைக்குகளில் பெரும்பாலானவற்றில் கியர் மாற்றும் வேலையே இல்லை. அவையும் பைக் இல்லையா?

சங்கிலி எண்ணெய்:
இல்லை.

கேள்விக்குறி:
நான் கேட்டதை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ஹோண்டா 2006இல் கோல்டு விங் பைக்கில் காற்றுப்பை (ஏர்பேக்) வைத்தது மோதிய பிறகு உதவுவதற்கு. ஏபிஎஸ் மோதாமல் இருப்பதற்கு. இரண்டையும் ஒரே தராசில்...

பழைய கிளட்ச்:
காற்றுப்பை முன்னால் நேராக மோதினால்தான் விரியும். பக்கத்திலிருந்து ஒருவன் வந்து இடித்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். சரி, அதை விடுங்கள். பிஎம்டபிள்யூ கே100இல் ஏபிஎஸ் வந்தது 1988இல். இத்தனை வருடம் ஆகியும் ஜல்லியைத் தீர்க்க முடியவில்லை என்பதுதான் என் வாதம்.

சக்கரவேகம்:
60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் போய்விடுவீர்கள். ஈரமான தார்ச்சாலை, எதிரே கார் திடீரென்று குறுக்கே திரும்புகிறது. அந்த ஒரு வினாடியில் உங்கள் முப்பது வருட விரல் பதறவே பதறாது என்று எழுதிக் கொடுங்கள், நான் போய்விடுகிறேன்.

பழைய கிளட்ச்:
எழுதிக் கொடுக்கிறேன். நீங்கள் ஜல்லியில் அதிக தூரம் ஆகாது என்று எழுதிக் கொடுங்கள்.

சக்கரவேகம்:
ஆகும் என்று முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேனே!

பழைய கிளட்ச்:
"எடுக்கலாம்" என்றீர்கள். "எடுக்கும்" என்று சொல்லவில்லை. மேலே ஏறிப் பாருங்கள்.

ஈரத்தார்:
சென்ற மாதம் ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கி முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன் என்று இங்கே படம் போட்டது யார்? படம் போட்ட கணக்கின் பெயர் உங்களுடையது மாதிரி இருந்ததே.

பழைய கிளட்ச்:
அது தரையில் கொட்டியிருந்த எண்ணெய். எண்ணெயில் ஏபிஎஸ்ஸும் வழுக்கும். பேச்சை மாற்ற வேண்டாம்.

சங்கிலி எண்ணெய்:
எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது, அந்த டீசல் விஷயம்...