மத்தூர் வீட்டு குரூப்பில் பூனை மணல் ஃபார்வர்டு

*போச்சம்பள்ளி பெரியப்பா, காலை 6:51*
[பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது]
பெற்றோர்களே உஷார்!! அமெரிக்கப் பள்ளிகளில் "நான் பூனை" என்று சொல்லும் பிள்ளைகளுக்குக் கழிவறையில், பூனை மலம் கழிக்க வைப்பது போன்ற மணல் தட்டு வைக்கிறார்கள். "ஃபர்ரி" என்னும் மனநோய். பெங்களூருக்கும் வந்துவிட்டது. 10 பேருக்கு அனுப்பவும்.

*ஓசூர் அக்கா, 6:58*
ஐயோ பெரியப்பா, நம்ம சின்னது நோட்டு பூரா ஓநாயா வரைஞ்சு வெச்சிருக்கு. கேட்டா "இது என் ஃபர்சோனா"ங்குது. அதுவா இது?

*கிருஷ்ணகிரி மாமா, 7:03*
ஓநாய்க்கு மணல் தட்டு எப்படிப் பத்தும். ஒரு காடு வாங்கிக் குடு.

*பெங்களூரு அண்ணன், 7:24*
பெரியப்பா, மணல் கதை பொய். எங்க கிளம்புச்சுன்னே தெரியும். 2021 டிசம்பர், மிச்சிகன் மாநிலம் மிட்லண்ட். பள்ளி நிர்வாகக் கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, ஸ்கூல் பாத்ரூம்ல பூனை மணல் வெச்சிருக்கறதா கேள்விப்பட்டேன்னாங்க. கேள்விப்பட்டதுதான், பார்த்தது இல்ல. அந்த வீடியோ பரவிச்சு. அடுத்த மாசமே அந்த ஊர் பள்ளிக் கண்காணிப்பாளர், எங்க பள்ளி எதுலயும் அப்படி ஒண்ணு இருந்ததே இல்லைன்னு அறிக்கை விட்டார். 2022 மார்ச்ல நெப்ராஸ்கா சட்டமன்றத்துல புரூஸ் போஸ்டல்மன்னு ஒரு உறுப்பினர் இதையே பேசினார். விசாரிச்சா ஒண்ணுமில்லைன்னதும் மன்னிப்பும் கேட்டார். ஃபார்வர்டு மட்டும் இன்னும் சுத்திக்கினே இருக்கு.

*போச்சம்பள்ளி பெரியப்பா, 7:31*
நெருப்பில்லாமயா புகையுது தம்பி

*பெங்களூரு அண்ணன், 7:38*
மணல் நிஜமா இருந்த இடம் ஒண்ணு உண்டு. கொலராடோல ஜெஃபர்சன் கவுண்டி பள்ளிகள். துப்பாக்கியோட யாராவது புகுந்துட்டா, பிள்ளைங்க கிளாஸ் கதவைப் பூட்டிக்கினு மணிக்கணக்கா உள்ளயே உட்காரணும். அப்ப அவசரத்துக்கு ஒரு பக்கெட், அதுல போட கொஞ்சம் பூனை மணல். 2017ல இருந்து வெச்சிருக்காங்க. 1999ல துப்பாக்கிச் சூடு நடந்த கொலம்பைன் ஸ்கூல் அந்தக் கவுண்டிலதான் இருக்கு.

*பர்கூர் டெய்லர் அத்தை, 7:41*
அடக் கடவுளே. பூனைக் கதையே பரவால்ல போல.

*ஓசூர் அக்கா, 7:44*
சரிண்ணா, அப்ப ஃபர்ரின்னா என்னதான்?

*பெங்களூரு அண்ணன், 7:59*
மனுசனாட்டம் ரெண்டு கால்ல நடந்து, பேசி, சட்டை போடுற விலங்குப் பாத்திரங்கள் மேல ஆசை உள்ளவங்க. வரையறது, கதை எழுதறது, வேசம் கட்டறது, இப்படி ஒவ்வொருத்தருக்கு ஒண்ணு. 1980கள்ல அமெரிக்க சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர் கூட்டங்கள்ல இருந்து பிரிஞ்சு வந்தது. தனியா நடந்த முதல் மாநாடு 1989 ஜனவரி, கலிஃபோர்னியா கோஸ்டா மேசா. இப்ப பெரிய மாநாடுகள்ல ஒண்ணு பிட்ஸ்பர்க்ல நடக்கற அன்த்ரோகான், 2006ல இருந்து அந்த ஊர்லதான். நம்மூர் மாங்கனி கண்காட்சி சீசன்லயே வரும். 2024ல 17,000 பேருக்கு மேல வந்தாங்க.

ஃபர்சோனான்னா தனக்குன்னு உருவாக்கிக்கற பாத்திரம். என்ன இனம், என்ன நிறம், பேரு, குணம். ஓநாய், நரி, நாய், டிராகன் அதிகம் வரும். சின்னது கிட்ட "ரெஃப் ஷீட் இருக்கா"ன்னு கேளு. முன்பக்கம், பின்பக்கம், சைடு போஸ், நிறக் கட்டம் எல்லாம் ஒரே தாள்ல இருக்கும். நல்லா வரைஞ்சிருந்தா அது ஓவியப் பயிற்சிதான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு ஓடாத.

*போச்சம்பள்ளி பெரியப்பா, 8:06*
ஆனா நாலு கால்ல ஓடற வீடியோ நானே பார்த்தேன்

*பெங்களூரு அண்ணன், 8:13*
அது குவாட்ரோபிக்ஸ். கையும் காலும் ஊனி ஓடற உடற்பயிற்சி. "உள்ளுக்குள்ள நான் விலங்கு"ன்னு உணர்றவங்களுக்கு தீரியன்னு தனிப் பேரு. ஃபர்ரி மூணாவது. சிலர் ஃபர்ரியாவும் தீரியனாவும் இருப்பாங்க, ஆனா ஃபர்ரிங்கள்ல பெரும்பாலானவங்களுக்குத் தான் மனுசன்னு நல்லாத் தெரியும். வீடியோ போடறவங்க மூணையும் ஒரே குண்டான்ல போட்டுக் கிண்டறாங்க.
பிள்ளைங்க அப்படி ஓடினா சிமெண்ட் தரைல விடாதீங்க, மணிக்கட்டு போயிடும். புல் தரைன்னா சரி.

*கிருஷ்ணகிரி மாமா, 8:15*
வேசம் கட்டினா மனநோய்னா, மயானக் கொள்ளைக்குக் காளி வேசம் கட்டற காவேரிப்பட்டணத்துல பாதிப் பேரை அட்மிட் பண்ணணும் மச்சான்

*பர்கூர் டெய்லர் அத்தை, 8:17*
சாமி வேசத்தை இதோட சேர்க்காதீங்க. அது விரதம் இருந்து நேர்த்திக்குக் கட்டறது. இது பொழுதுபோக்கு.

*போச்சம்பள்ளி பெரியப்பா, 8:22*
[இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது]

*போச்சம்பள்ளி பெரியப்பா, 8:24*
அசிங்கமான கூட்டம்னும் சொல்றாங்களே. பொம்பளப் பிள்ளை, அதான் கேக்கறேன்.

*பெங்களூரு அண்ணன், 8:37*
கேக்க வேண்டிய கேள்விதான். பெரியவங்களுக்கான படம் வரையற பகுதி அதுல இருக்கு, மறைக்க ஒண்ணுமில்ல. 18+ குறி போட்டுத் தனியா வைப்பாங்க. கூட்டமே அதுக்காகத்தான்னு சொல்றதுதான் தப்பு. அதனால பிள்ளைக்குத் தடை போடறதை விட, எந்தக் கதவு திறந்து கிடக்குன்னு பார்த்து மூடுங்க.

அக்கா, அவளுக்கு 14. டிஸ்கார்ட்னு அரட்டை ஆப் இருந்தா செட்டிங்ஸ்ல தெரியாதவங்க நேரடி மெசேஜ் அனுப்பறதை ஆஃப் பண்ணு. முகம், ஸ்கூல் யூனிஃபார்ம், ஊர் பேரு போகக் கூடாது. ஃபர்சோனாவுக்கு வேற பேரு இருக்கறதே இதுக்கு வசதி, அந்தப் பேரையே அக்கவுண்டுக்கும் வைக்கச் சொல்லு. "இதை உன் அம்மா கிட்ட சொல்லாத"ன்னு யாரு சொன்னாலும் அந்த நிமிசமே பிளாக், ஸ்கிரீன்ஷாட்டை உனக்கு அனுப்பணும்.

பணத்துலயும் ஏமாத்து உண்டு. "உன் படத்தை வாங்கிக்கறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி யூபிஐ பின் நம்பர் போடு"ம்பான். பணம் வாங்கறதுக்கு பின் நம்பர் தேவையே இல்ல. பின் நம்பர் கேட்டா காசு நம்ம கணக்குல இருந்து போகுதுன்னு அர்த்தம்.

*ஓசூர் அக்கா, 8:45*
பார்த்துட்டேன், மெசேஜ் திறந்துதான் இருந்துச்சு. மூடிட்டேன். அடுத்து அவ கேக்கறது வேசத்துக்கு மாட்டற ஓநாய்த் தலை. ஆன்லைன்ல விலை பார்த்தா மயக்கமே வந்துடும்.

*பெங்களூரு அண்ணன், 8:48*
ஆமா, வெளிநாட்டுல கைல செய்யற முழு சூட், அதாவது உடம்பு பூரா மூடற விலங்கு வேசம், 2,000 டாலருக்கு மேல சாதாரணமாப் போகும். அதான் ஃபர்ரிங்கள்ல பெரும்பாலானவங்க கிட்ட சூட்டே கிடையாது. தலை மட்டும் வீட்டுல செய்யலாம். அத்தை சொல்லுங்க.

*பர்கூர் டெய்லர் அத்தை, 9:20*
எழுதறேன், பொறுமையாப் படி.

சோபா ஃபோம்: மண்டைக்கு 1 இஞ்ச், மூக்குக்கும் கன்னத்துக்கும் அரை இஞ்ச். தலை சுத்தளவு எடுத்து ஒரு வளையம், மேல குறுக்கா ரெண்டு பட்டை, கூடையாட்டம். மூக்கும் காதும் அப்புறம். குளூ கன் போதும், ஆனா வெயில்ல நிக்கற காருக்குள்ள வெச்சா பசை இளகிடும். சோபா கடைக்காரங்க போடற மஞ்சள் பசை தாங்கும், ஜன்னலைத் திறந்து வெச்சு ஒட்டணும். தலைல மாட்டிக்கினு ஒட்டறது கூடவே கூடாது.

ஃபர் துணியைக் கத்திரியால வெட்டாத, எல்லாரும் செய்யற தப்பு அதுதான். முடியும் சேர்ந்து வெட்டுப்பட்டு மொட்டையாத் தெரியும். துணியைத் திருப்பிப் போட்டு, பிளேடால பின் துணியை மட்டும் கீறி, கையால பிரிக்கணும். முடி சாயற பக்கம் பார்த்துப் பின்னாடி அம்புக்குறி போடு. மூக்குல இருந்து பின்னால, கீழ சாயணும். ஒரு துண்டு மாறினாலும் அந்த இடம் வேற கலராத் தெரியும், நூல் பிரிச்சுத்தான் ஆகணும்.

மெசினுக்கு 16ம் நம்பர் ஊசி, தையல் நீளம் 4. முடியை உள்ள தள்ளித் தைக்கணும், அப்புறம் சீப்பால தையல்ல மாட்டின முடியை எடுத்துவிட்டா தையலே தெரியாது. முகத்து முடியை டிரிம்மரால கொஞ்சம் கொஞ்சமாக் குறை. ஒரேயடியா எடுத்தா திரும்ப வளராது பாரு.

*ஓசூர் அக்கா, 9:26*
கண்ணு? ஆன்லைன்ல பக்ரம்னு போட்டிருக்கு, உங்க கிட்ட இருக்குமே

*பர்கூர் டெய்லர் அத்தை, 9:31*
நம்ம காலர் பக்ரம், சட்டைக் காலருக்குள்ள வைக்கற விறைப்புத் துணி, அதுக்கு ஆகாது, அதை வெச்சா ஒண்ணும் தெரியாது. ஓட்டை இருக்கற துணி வேணும். கிராஸ் ஸ்டிச் போடற வலை வாங்கு. வெளிப்பக்கம் கலர், உள்பக்கம் கறுப்பு. உள்ள வெள்ளையா விட்டா வெளிச்சம் பட்டுக் கண்ணு கூசும்.

*கிருஷ்ணகிரி மாமா, 9:34*
சித்திரை வெயில்ல அதைப் போட்டா பிள்ளை வெந்துடாதா?

*பெங்களூரு அண்ணன், 9:42*
வெந்துடும் மாமா, அதான் முக்கியம். வாயைத் திறந்த வாயா வைங்க, காத்து போக வழி வேணும். 15, 20 நிமிசத்துக்கு ஒருக்கா கழட்டித் தண்ணி. பக்கத்துல ஒரு ஆள் கட்டாயம், ஏன்னா கீழயும் பக்கவாட்டுலயும் கண்ணு தெரியாது, படிக்கட்டுல போனா கால் தவறும். மாநாடுகள்ல இந்த ஆளுக்கு ஹேண்ட்லர்னே பேரு. தலைசுத்து, வாந்தி வர்ற மாதிரி இருந்தா உடனே தலையை எடுக்கணும், யாரு பார்த்தாலும் சரி. உள்ள சின்ன ஃபேன் வைக்கலாம், பவர் பேங்க் மட்டும் இடுப்புல.
போட்டு முடிச்சதும் உள்பக்கம் ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல தண்ணி கலந்து ஸ்பிரே பண்ணி, ஃபேன் காத்துல காய வைங்க. ஈரத்தோட பையில கட்டினா நாத்தம் ஜென்மத்துக்கும் போகாது.

*போச்சம்பள்ளி பெரியப்பா, 9:50*
அந்த ஃபார்வர்டை ரிட்டயர்டு ஆளுங்க குரூப்லயும் போட்டேனே

*கிருஷ்ணகிரி மாமா, 9:51*
அங்க அண்ணன் எழுதினதைப் போடுங்க மச்சான். இதையும் 10 பேருக்கு அனுப்பவும்.

*ஓசூர் அக்கா, 9:58*
அத்தை, ஞாயிறு துணியோட வரேன். எவ்ளோ எடுக்க?

*பர்கூர் டெய்லர் அத்தை, 10:02*
தலைக்கு மட்டும்னா 1 மீட்டர் போதும், வெள்ளைக் கலர் கால் மீட்டர். பெங்களூரு சிக்பேட்டை பக்கம் கேட்டுப் பாரு. கசங்கியிருக்குன்னு அயர்ன் மட்டும் போட்டுடாத, உருகிடும்.